நாலு மனசில் நிற்கவில்லை

47 பெருக்கல் 6. ஏழாறு நாற்பத்திரண்டு, ரெண்டைப் போட்டு நாலை மனசில் வை, நாலாறு இருபத்து நாலு, மனசில் எவ்வளவு? இந்த இடத்தில்தான் என் மகன் நின்றுவிடுவான். "ஏல, நாலு எங்கல போச்சு?" என்று கேட்டால் என் முகத்தையே பார்ப்பான். மூன்றாம் வகுப்பில் இதே கணக்கைச் சாப்பிட்டுக்கொண்டே வாயால் சொன்ன பையன், நாலாம் வகுப்புப் பாதியில் ஒரு நாலைப் பத்து வினாடி மனசில் வைத்திருக்க முடியாமல் போனான். அது ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து மாதமும் 36,600 ரூபாயும் ஆயிற்று. பணத்தை விடுங்கள், அந்தப் பத்து மாதமும் அவனை நான் படுத்திய பாட்டை நினைத்தால்தான் இன்றும் தூக்கம் வருவதில்லை. யாராவது ஒருவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் கோவில்பட்டி. நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன், வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார், வாரத்தில் மூன்று நாள் வெளியூர்தான். பையனை வளர்த்தது என் மாமியார். அவனுக்கு ஆச்சி. காலையில் வேன் ஏற்றிவிடுவது, சாயங்காலம் கூட்டி வருவது, வாய்ப்பாடு கேட்பது எல்லாம் அவர்தான். 2023 நவம்பரில் ஒரு நாள் காலை எட்டே கால் மணிக்கு அவனை வேன் ஏற்றிவிட்டு வந்தவருக்குப் பதினோரு மணிக்கு நெஞ்சுவலி, ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பையன் பார்த்தால் பயந்துவிடுவான், அவனுக்குச் சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. கொழுந்தனார் பள்ளிக்கே போய், நடந்துகொண்டிருந்த வகுப்பிலிருந்து அவனை அழைத்து, நேராக எட்டயபுரத்தில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். நாலு நாள் கழித்து அவன் வந்தபோது வீடு கழுவியிருந்தது, ஆச்சியின் கட்டில் இல்லை, சுவரில் மாலை போட்ட படம். ஒருவர் "ஆச்சி சாமிகிட்ட போயிட்டா" என்றார், இன்னொருவர் "ஊருக்குப் போயிருக்கா, வருவா" என்றார். அவன் எதுவுமே கேட்கவில்லை, அழவும் இல்லை. நாங்களும் "பரவாயில்லை, பையன் தாங்கிக்கிட்டான்" என்று நிம்மதியாகிவிட்டோம். முதல் தப்பு இதுதான். குழந்தை அழாமல் இருந்தால் தாங்கிக்கொண்டான் என்று அர்த்தமில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

காலாண்டில் கணக்கில் 86 எடுத்தவன் அரையாண்டில் 31. டைரியில் "கவனம் இல்லை", "வீட்டுப்பாடம் முடிக்கவில்லை" என்று வாரம் இரண்டு குறிப்பாவது வரும். அப்புறம் வயிற்றுவலி தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஏழரை மணிக்குச் சரியாக வரும், சனி ஞாயிறு வராது. இதைக் கவனித்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நடிக்கிறான் என்று. இப்போது ஒன்று சொல்கிறேன், இப்படி நாள் பார்த்து வரும் வலி பெரும்பாலும் நடிப்பில்லை. பயத்தில் குடல் நிஜமாகவே இழுத்துப் பிடிக்கும், பரீட்சை அன்று பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்குவதில்லையா, அதுதான். பள்ளி நாளில் மட்டும் வலி வந்தால் பள்ளியிலோ, பள்ளிக்குப் போகும்போது வீட்டிலோ ஏதோ ஒன்று குழந்தையைப் பயமுறுத்துகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் ஒரு முறை காட்டத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நாங்கள் நாலு முறை காட்டினோம், ஸ்கேனுக்கு 1,100, அது போக மருத்துவர் கட்டணம், டானிக், பூச்சி மருந்து என்று ஒரு 3,000 போயிற்று. எல்லாம் நார்மல். கோயிலில் திருநீறு போட்டுக் கயிறும் கட்டினோம்.

அடுத்து டியூஷன். மாதம் 1,500, எட்டு மாதம், 12,000. ஐந்தரை முதல் ஏழரை வரை. அங்கே போன பிறகு நிலைமை மோசமானது, ஏனென்றால் பள்ளியில் ஒரு முறை தெரியாது என்று நின்றவன் இப்போது டியூஷனில் இரண்டாம் முறை, வீட்டுக்கு வந்து என்னிடம் மூன்றாம் முறை என்று ஒரே கணக்குக்கு மூன்று இடத்தில் நின்றான். மூளை சுறுசுறுப்பாகும் என்று அபாகஸ், அதற்குப் புத்தகமும் மணிச்சட்டமும் சேர்த்து 6,500. கடைசியாகச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மிட்பிரைன் ஆக்டிவேஷன் என்று, மூளையின் நடுப்பகுதியைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் ஒரு வகுப்பு, 14,000. கண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தைகள் நிறம் சொல்வார்கள், எழுத்து படிப்பார்கள், மேடையில் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். ஒரு மாதம் கழித்து என் மகனே சொன்னான், "மூக்குக்குப் பக்கத்துல சந்து இருக்கும்மா, அது வழியா தெரியும்." அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. குழந்தை படிக்கவில்லை என்ற பதற்றத்தில் இருக்கும் தாயிடம் எதை வேண்டுமானாலும் விற்கலாம், அதனால் ஒரு வகுப்பில் சேர்க்கும்முன், இந்தப் பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்று அவர்கள் ஒரு கேள்வியாவது கேட்கிறார்களா என்று பாருங்கள். நான் பணம் கட்டிய மூன்று இடத்திலும் யாரும் கேட்கவில்லை. சத்தியமாகச் சொன்னால் நானும் கேட்கவில்லை.

பள்ளியில் அதற்குள் அவனுக்கு மக்கு என்று பெயர் விழுந்துவிட்டது. முட்டி போட வைத்திருக்கிறார்கள், அவன் சொல்லவில்லை, முழங்காலில் தடம் பார்த்துத்தான் தெரியும். போய்க் கேட்டால் "வேற ஸ்கூல் பாத்துக்கோங்க" என்ற மாதிரிப் பேச்சு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குழந்தையை அடிப்பதை மட்டுமில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அப்போது இது தெரிந்திருந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்திருக்க மாட்டேன். ஆனால் பள்ளியை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மார்ச் மாதம் ஒரு ராத்திரி, பத்து மணி, அதே மாதிரி ஒரு பெருக்கல் கணக்கு, நாலாவது முறையும் தப்பு. முதுகில் ஒன்று வைத்துவிட்டு, "இப்படியே பண்ணிட்டிரு, ஒரு நாள் நானும் ஆச்சி மாதிரி போயிருவேன், அப்ப தெரியும்" என்றேன். அவன் அழவில்லை. நோட்டை எடுத்து விரித்து வைத்துக்கொண்டான், பென்சிலைப் பிடித்த கை நடுங்கியது. அன்று ராத்திரி படுக்கையை நனைத்தான். ஒன்பது வயதில். மறுநாள் அதற்கும் திட்டினேன்.

வழி காட்டியது பக்கத்துத் தெருவில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர் ஒருவர். அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் என்று ஒன்று இருக்கிறது, டி.இ.ஐ.சி. என்பார்கள், பதினெட்டு வயது வரை பிள்ளைகளைப் பார்ப்பார்கள், பணம் கிடையாது என்றார். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 2013-இல் தொடங்கியது. அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வந்து பார்த்து அங்கே அனுப்பும். என் மகன் படிப்பது தனியார் பள்ளி, அங்கே அந்தக் குழு வராது, அதனால் எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. நாங்கள் நேரடியாகப் போனோம், பார்த்தார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், கடையில் ஒரு நாள் சம்பளம் போகும், அவ்வளவுதான் செலவு.

முதல் நாள் கண், காது, எழுத வைத்துப் படிக்க வைத்துச் சில சோதனைகள். டிஸ்லெக்ஸியாவாக (எழுத்தைப் படிக்கத் திணற வைக்கும் கற்றல் குறைபாடு) இருக்குமோ என்று நான் கேட்டேன், இணையத்தில் படித்துவிட்டுப் போயிருந்தேன். அங்கிருந்த உளவியலாளர், சின்னப் பெண்தான், திருப்பிக் கேட்டார்: "முதல்லயிருந்தே படிக்கக் கஷ்டப்பட்டானா, இல்ல நல்லாப் படிச்சிட்டு இருந்தவன் நின்னுட்டானா?" எல்லாப் பெற்றோரும் முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. கற்றல் குறைபாடு என்றால் பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே ஏதாவது ஒரு விதத்தில் தலை காட்டியிருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று நின்றால், நின்ற தேதியைத் தேட வேண்டும். (மறுபக்கமும் உண்டு என்றார் அவர். உண்மையாகவே கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை திட்டு வாங்கி வாங்கிப் பயந்துபோயிருக்கும், அதைப் பார்த்து வெறும் பயம்தான் என்று விட்டுவிடவும் கூடாது. அதனால்தான் இரண்டையும் பார்க்கிற இடத்துக்குப் போக வேண்டும்.) நான் கொண்டுபோன டைரியை அவர் புரட்டினார். "இந்தக் குறிப்பெல்லாம் எந்த பீரியட்லம்மா?" எனக்குத் தெரியவில்லை. பையன் சொன்னான்: நாலாவது பீரியட், கணக்கு. தமிழ் முதல் பீரியட், அதில் அவன் 70-க்குக் கீழே இறங்கியதே இல்லை. பத்து மாதமாக மார்க்கைப் பார்த்த நான் இதைப் பார்க்கவில்லை.

இரண்டாவது முறை போனபோது அவனைத் தனியாக உட்கார வைத்து, ஒரு பள்ளி நாளைப் படமாக வரையச் சொல்லியிருக்கிறார்கள். அவன் கரும்பலகை வரையவில்லை, டீச்சரை வரையவில்லை. பெரிதாக ஒரு கதவு, அதற்கு மேலே கடிகாரம். நாலாவது பீரியடில்தான் சித்தப்பா அந்தக் கதவில் வந்து நின்றிருக்கிறார். ஒவ்வொரு நாளும் நாலாவது பீரியடில் என் பையன் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், இன்று யார் வருவார், வீட்டில் அம்மா இருப்பாளா என்று. "ஆச்சி டாட்டா காட்டும்போது நல்லாத்தான் இருந்தா, அதான் பயமா இருக்கு" என்றானாம். அது மட்டுமில்லை. முந்தின நாள் வாய்ப்பாடு சொல்லாமல் ஆச்சியிடம் சண்டை போட்டிருக்கிறான், அதனால்தான் ஆச்சி போய்விட்டார் என்று நினைத்திருக்கிறான், அதன் மேல் நான் மார்ச் மாதம் சொன்னது. கணக்குத் தப்பானால் அம்மா செத்துப்போவாள் என்று நம்பிக்கொண்டு ஒரு பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறது. அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன், பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா தண்ணீர் கொடுத்தார்.

உளவியலாளர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். கணக்கு போடும்போது கையிருப்பாக வைத்துக்கொள்ள மூளையில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அதைப் பணி நினைவு என்கிறார்கள். பெரியவர்களுக்கே அதில் ஒரு நேரத்தில் நாலைந்து விஷயத்துக்கு மேல் தங்காது, சின்னப் பிள்ளைக்கு இன்னும் குறைவு. 'நாலை மனசில் வை' என்கிறோமே, அந்த மனசு இதுதான். கவலையும் அதே இடத்தில்தான் உட்காருகிறது. "அம்மாவுக்கு என்ன ஆச்சோ" என்பது அங்கே இருக்கும்போது நாலுக்கு இடமில்லை. அதோடு, பயந்த மூளை ஆபத்து எங்கிருந்து வரும் என்று தேடுவதில்தான் முழுக் கவனத்தையும் வைக்கும், கரும்பலகை அதற்குப் பொருட்டே இல்லை. கவனம் இல்லை என்று டைரியில் எழுதினார்களே, உண்மையில் அந்த வகுப்பிலேயே அதிகக் கவனமாக இருந்தவன் இவன்தான், கதவின் மேல். நான் திட்டத் திட்ட அந்த இடம் இன்னும் சுருங்கியது, தப்பு கூடியது, இன்னும் திட்டினேன். அதற்காகப் பதற்றமே கூடாது என்றும் இல்லை. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு பேர் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையைப் பின்னால் படித்தேன். ஓரளவு அழுத்தம் கற்பதற்கு உதவுகிறது, ஆனால் வேலை கடினமாக ஆக, கொஞ்சம் அதிகமான அழுத்தம்கூடக் கெடுத்துவிடுகிறது. தெரிந்த பாட்டைப் பயந்துகொண்டே பாடிவிடலாம், புதுக் கணக்கைப் பயந்துகொண்டு கற்க முடியாது.

என்ன செய்தோம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை, மருந்தும் இல்லை. முதலில் உண்மையைச் சொன்னோம். ஆச்சிக்கு இதயம் நின்றுவிட்டது, செத்துப்போய்விட்டார், திரும்ப வரமாட்டார், நீ சண்டை போட்டதால் இல்லை. 'சாமிகிட்ட போனா', 'தூங்குறா', 'ஊருக்குப் போயிருக்கா' இதெல்லாம் வேண்டாம் என்றார்கள், நிஜமாகவே தூங்கப் பயப்படுகிற குழந்தைகளும், யாராவது ஊருக்குக் கிளம்பினால் அலறுகிற குழந்தைகளும் இப்படித்தான் ஆகிறார்களாம். எரியூட்டிய இடத்துக்கு அப்பா கூட்டிப் போனார், அவனே பூப் போட்டான், அன்றுதான் முதன்முதலாக அழுதான், ஒரு மணி நேரம். நான் மார்ச் மாதம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, நாக்கு புரளவே இல்லை, ஆனால் கேட்டேன். "நான் சாகமாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள், அதனால் "எனக்கு இப்ப உடம்பு நல்லாருக்கு, எனக்கு எதாவது ஒன்னுன்னா உன்கிட்ட மறைக்க மாட்டோம்" என்று மட்டும் சொன்னேன். அந்த மறைக்க மாட்டோம் என்பதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

டியூஷனை நிறுத்தினோம், கை நடுங்கத்தான் நிறுத்தினேன். வீட்டில் சாப்பிட்டு விளையாடி முடித்த பிறகு இருபது நிமிடம் கணக்கு, மனசில் வைக்க வேண்டியதைப் பேப்பர் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதி. இது சின்ன விஷயம், ஆனால் முதல் வாரமே வித்தியாசம் தெரிந்தது. அதற்கு முன் பத்து நிமிடம் கவலை நேரம், இன்று என்ன பயம் வந்தது என்று அவன் சொல்வான், நான் கேட்பேன், அறிவுரை கிடையாது. (பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிவிட்டுப் போன மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுத்ததாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 2011-இல் வெளியிட்டிருக்கிறார்கள், பெரிய பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கலாம்.) பள்ளிக்கு மையத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனேன். வாயால் சொன்னபோது கேட்காதவர்கள் சீல் வைத்த தாளைப் பார்த்ததும் கேட்டார்கள், இதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ஒரு போன், இரண்டு வாரம் தினமும், அடுத்த இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு நிறுத்தம். நிறுத்துகிற தேதியையும் முதலிலேயே அவனிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் போன் இல்லாமல் இருக்கவே முடியாது என்று ஆகிவிடுமாம். கணக்கு டீச்சர் அவனைப் பலகைக்குக் கூப்பிடுவதை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். முட்டி போட வைத்தவர்தான் அவரும், ஆனால் விஷயம் தெரிந்ததும் அவர் கண்ணும் கலங்கியது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. 2024 நவம்பரில் ஆச்சிக்குத் திதி வந்த வாரம் வயிற்றுவலியும் படுக்கை நனைவதும் திரும்ப வந்தன, நான் ஆடிப்போய் 14416-க்கு அடித்தேன். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். முதலாண்டுத் திதியில் இப்படி வருவது இயல்பு, பழையபடி போனை ஒரு வாரம் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன், அடங்கியது. அரையாண்டில் 52, முழு ஆண்டில் 71. பழைய 86 இன்னும் வரவில்லை, நானும் இப்போதெல்லாம் அதைக் கேட்பதில்லை. (பொய், மனசுக்குள் கேட்கிறேன்.)

அந்த மையத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. காலை எட்டு மணிக்கே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள், மதியத்துக்குமேல் போனால் அன்றைக்கு நடக்காது. கடைசி இரண்டு வருட மார்க் அட்டை, பள்ளி டைரி, எந்த நாளில் எந்தப் பாடவேளையில் பிரச்சினை என்று நீங்களே எழுதிய ஒரு தாள், வீட்டில் நடந்த இறப்பு, இடமாற்றம், சண்டை, கடன் எல்லாவற்றுக்கும் தேதி, இவ்வளவும் வேண்டும். சண்டை என்றால் சண்டை என்றே சொல்லுங்கள், கௌரவம் பார்த்து மறைத்தால் அவர்கள் இருட்டில்தான் தேடுவார்கள். பிள்ளைக்குச் சாப்பாடும் கட்டிக்கொள்ளுங்கள், வரிசை நீளம். முதல் முறை நான் டைரியைத் தவிர உருப்படியாக ஒன்றும் எடுத்துப் போகவில்லை, பையன் பசியில் என் மடியில் தூங்கிவிட்டான், உள்ளே கூப்பிட்டு வேறு ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது பையிலிருந்து நான் எடுத்து நீட்டியது லேமினேஷன் போட்ட அந்த மிட்பிரைன் சர்டிபிகேட்டை.